கொட்டையில்லா ஆரஞ்சு போடலாமா? முதலில் பத்து மரம்

குடகிலும் ஹுன்சூரிலும் எச்.டி.கோட்டேயிலும் நிலம் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லாரும் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "கொட்டையே இல்லாத ஆரஞ்சு வந்திருக்காமே, சீக்கிரமே பழுக்குமாமே, போடலாமா?" போனில் பதில் சொன்னால் பாதிதான் போய்ச் சேர்கிறது. அதனால் நிதானமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: போடலாம், போடத்தான் வேண்டும். ஆனால் முதலில் பத்து மரம். அந்தப் பத்து மரமும் உங்கள் மண்ணில், உங்கள் மழையில், உங்கள் பக்கத்துத் தோட்டத்துத் தேனீக்களுக்கு நடுவில் என்ன செய்கின்றன என்று பார்த்து எழுதி வைத்த பிறகு ஏக்கர் கணக்குக்குப் போங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் மீதி.

மைசூர்ச் சந்தை என்ன கேட்கிறது

நான் இருப்பது மைசூர் அக்ரஹாரத்தில். தேவராஜ மார்க்கெட் நடந்து போகிற தூரம். பழக்கடையில் நின்று கவனித்தாலே இந்த விஷயத்தின் பாதி புரிந்துவிடும். நாக்பூர் ஆரஞ்சின் அம்பியா பருவத்துப் பழம் அக்டோபர், நவம்பரில் வரத் தொடங்குகிறது. ஜனவரி தொடங்கியதும் பஞ்சாப் பக்கத்துக் கின்னோ லாரி லாரியாக இறங்குகிறது. மிருக் பருவத்து நாக்பூர் பழம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. இவற்றுக்கு நடுவில் குடகு ஆரஞ்சு கூடையில் கொஞ்சம் வந்துபோகும். தெரிந்தவர்கள் தேடி வாங்குவார்கள். மீதி மாதங்களில் வெளிநாட்டுப் பழம், ஒவ்வொன்றிலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு.

தசராவும் தீபாவளியும் வருகிற அந்த ஒன்றரை மாதத்தில் மைசூரில் பழத்துக்கு இருக்கும் கிராக்கியைச் சொல்ல வேண்டியதில்லை. கொலு வைத்த வீடு, ஆயுத பூஜை செய்கிற கடை, ஊர் பார்க்க வந்த கூட்டம் என்று எல்லாருக்கும் பழம் வேண்டும். அப்போது உள்ளூர் ஆரஞ்சு சந்தையில் இருந்தால் நல்ல விலை கிடைக்கும் என்று விவசாயி கணக்குப் போடுவதில் தப்பே இல்லை. மூன்று வாரம் முந்திப் பழுக்கும் ரகம், விலை இறங்குவதற்கு முன்பே பணத்தைக் கையில் கொடுத்துவிடும்.

கொட்டை விஷயமும் அப்படித்தான். கின்னோவில் ஒரு பழத்துக்குப் பதினைந்து, இருபது கொட்டை இருப்பது சாதாரணம். குடகு ஆரஞ்சிலும் கொட்டைக்குப் பஞ்சமில்லை. குழந்தைக்குச் சுளை உரித்துக் கொடுக்கிற அம்மாவுக்கும், ஜூஸ் போட்டால் கசந்துவிடுமோ என்று பயப்படுகிற கடைக்காரருக்கும் கொட்டை ஒரு தொல்லை. கூடுதல் விலை கொடுத்தாவது கொட்டையில்லாத பழத்தை வாங்குகிறார்கள். ஆக, இந்த ஆசை நியாயமான ஆசை. ஆசைக்கும் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கும் சில விஷயங்களைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

கொட்டை எப்படி இல்லாமல் போகிறது

"சீட்லெஸ்" என்ற ஒரே லேபிளின் கீழ் குறைந்தது நான்கு விதமான மரங்கள் விற்கப்படுகின்றன. எது எந்த விதம் என்று தெரியாமல் வாங்கினால் பிறகு ஏமாற்றம்தான்.

முதல் வகையில் மரத்தின் மகரந்தத்துக்கும் வலு இல்லை, சூலுக்கும் பெரிதாக வலு இல்லை. கருவுறாமலேயே காய் பிடித்து வளரும். ஜப்பானின் சத்சுமா இந்த வகை. வாஷிங்டன் நேவல் ஆரஞ்சும் இதே மாதிரிதான்.

இரண்டாவது வகை மும்மடியம். சாதாரண மரத்தில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக இருக்கும், இதில் மூன்று தொகுதி. மூன்றைச் சமமாகப் பிரிக்க முடியாததால் விதை உருவாவது தடைப்படுகிறது. இப்போது ஹோட்டல்களில் எல்லாம் பிழிகிறார்களே, பெரிய கொட்டையில்லா எலுமிச்சை, அந்தத் தாஹிதி எலுமிச்சை இப்படிப்பட்டது. கலிபோர்னியாவின் ரிவர்சைட் பல்கலைக்கழகம் 2002 வாக்கில் வெளியிட்ட தாஹோ கோல்ட், யோசெமிட்டி கோல்ட் ஆரஞ்சுகளும் இதே வழியில் வந்தவை.

மூன்றாவது, கதிர்வீச்சால் செய்யப்படும் மாற்றம். நல்ல ரகத்தின் மொட்டுக்குச்சிகளுக்குக் காமா கதிர் கொடுத்து, ஒட்டுக் கட்டி, ஆயிரக்கணக்கான கிளைகளிலிருந்து கொட்டை குறைந்ததைத் தேர்ந்தெடுப்பார்கள். டபிள்யூ மர்காட் என்ற ரகத்திலிருந்து ரிவர்சைட்டில் 1995 இல் தொடங்கி 2006 இல் வெளியிட்ட டாங்கோ இப்படித்தான் பிறந்தது. லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகமும் இதே முறையில் கொட்டை குறைந்த கின்னோவை உருவாக்கி விவசாயிகளுக்குக் கொடுத்திருக்கிறது.

நான்காவது வகையில்தான் சிக்கல். மரத்தின் மகரந்தம் நன்றாக இருக்கும், சூலும் நன்றாக இருக்கும். ஆனால் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. தனியாக ஒரே ரகமாக நின்றால் கொட்டை இருக்காது. பக்கத்தில் வேறு ஆரஞ்சு, எலுமிச்சை, பப்ளிமாஸ் எது இருந்தாலும் தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும், கொட்டை வந்துவிடும். அல்ஜீரியாவில் பிறந்த கிளமெண்டைன் இப்படிப்பட்டது. டாங்கோவின் தாய் டபிள்யூ மர்காட்டும் இப்படிப்பட்டதுதான். "சீட்லெஸ்" என்று வாங்கி நட்ட கலிபோர்னியா விவசாயிகள் பூக்காலத்தில் மரங்களின் மேல் முழுசாக வலை போர்த்த வேண்டியிருந்தது. தேனீ வளர்ப்பவர்களுக்கும் ஆரஞ்சு விவசாயிகளுக்கும் நடுவே பெரிய தகராறே வந்தது. ஸ்பெயினின் வலென்சியாவிலும் இதே சண்டை. அங்கே பூக்காலத்தில் தேன்பெட்டிகளை ஆரஞ்சுத் தோட்டங்களிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லி அரசே உத்தரவு போட வேண்டி வந்தது.

நம் ஊர் தேனீ நாடு

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குடகு தேன் நாடு. பாகமண்டலா பக்கம் தேன்பெட்டி வைக்காத ஊரே கிடையாது என்று சொல்லலாம். பெட்டி வைக்காவிட்டாலும் காட்டு மரங்களில் மலைத்தேனீ அடை கட்டித் தொங்கும். காபிப் பூ பூக்கிற நாட்களில் தோட்டத்துக்குள் போனால் மணமும் ரீங்காரமும்தான். காபிக்கு நடுவே ஊடுபயிராக ஆரஞ்சு, வேலியோரம் எலுமிச்சை, வீட்டுப் பின்புறம் ஒரு பப்ளிமாஸ். குடகுத் தோட்டம் என்றால் இதுதான் படம்.

அந்தத் தோட்டத்தில் நான்காம் வகை மரத்தை நட்டு, கொட்டை இருக்காது என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். தேனீயை விரட்டி ஆரஞ்சு வளர்க்கவும் கூடாது. ரொபஸ்டா காபிக்கு அயல் மகரந்தம் கட்டாயம் வேண்டும், அதைக் கொண்டுபோவதில் தேனீக்குப் பெரிய பங்கு உண்டு. ஏலக்காயும் தேனீயை நம்பித்தான் காய்க்கிறது. ஒரு பயிரின் வசதிக்காக மற்ற இரண்டின் வயிற்றில் அடிப்பது நம் ஊருக்குப் பொருந்தாது.

அதனால் என் கருத்து இது: குடகுக்கும் அதை ஒட்டிய நிலங்களுக்கும் முதல் மூன்று வகைகளில் மட்டும் தேடுங்கள். கன்று விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பக்கத்தில் எலுமிச்சை இருந்தாலும் கொட்டை வராதா?" என்பது. இதற்கு அவரிடம் தெளிவான பதில் இல்லையென்றால் அந்த ரகத்தைப் பற்றி அவருக்கே தெரியவில்லை என்று அர்த்தம்.

"சீக்கிரம்" என்றால் எந்த சீக்கிரம்

நர்சரிக்காரர் "சீக்கிரம் வரும்" என்று சொன்னால் மூன்று அர்த்தம் இருக்கலாம். நட்ட எத்தனையாவது வருடத்தில் காய்க்கும் என்பது ஒன்று. பூத்து எத்தனை மாதத்தில் பழுக்கும் என்பது இன்னொன்று. தோல் எப்போது நிறம் மாறும் என்பது மூன்றாவது. இவை மூன்றும் வேறு வேறு.

முதலாவதற்கு ரகத்தைவிட ஒட்டுக்குப் பங்கு அதிகம். விதையிலிருந்து முளைத்த ஆரஞ்சு பூக்க ஆறேழு வருடம் ஆகலாம். காய்க்கிற மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டிய கன்று மூன்று, நான்கு வருடத்திலேயே காய்க்கத் தொடங்கும். இதை ரகத்தின் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள்.

இரண்டாவதுதான் உண்மையான முன்பருவ குணம். பஞ்சாபில் கின்னோ ஜனவரியில் பழுக்கும்போது, டெய்சி என்ற ரகம் நவம்பர் மூன்றாம் வாரத்திலேயே பழுத்துவிடுகிறது. அங்கே இரண்டு மாதம் முந்துகிறது. அதே டெய்சி இங்கேயும் இரண்டு மாதம் முந்துமா? சொல்ல முடியாது. ஏனென்றால் வடக்கே மரத்தை உறங்க வைத்து, வசந்தத்தில் ஒரே சமயத்தில் பூக்க வைப்பது குளிர். தெற்கே அந்த வேலையைச் செய்வது வறட்சி. தண்ணீர் இல்லாமல் சில வாரம் காய்ந்து, பிறகு வரும் முதல் மழையிலோ பாசனத்திலோ மரம் பூக்கும். மழை தள்ளிப்போனால் பூவும் தள்ளிப்போகும். ஒரே வருடத்தில் இரண்டு தடவை பூப்பதும் உண்டு. குடகு ஆரஞ்சில் குளிர்காலத்து அறுவடை ஒன்று, மழைக்காலத்து அறுவடை ஒன்று என்று பிரிந்து வருவது இதனால்தான். ஆக, இங்கே காலண்டரைப் பார்த்துப் பயனில்லை. பூத்த நாளைக் குறித்து வைத்து அங்கிருந்து எண்ண வேண்டும்.

மூன்றாவது, நிறம். ஆரஞ்சின் தோலில் பச்சை போய் மஞ்சள் ஏற, இரவு குளிர வேண்டும். வெப்பநிலை 13 டிகிரி பக்கம் இறங்க வேண்டும் என்று தோட்டக்கலைப் புத்தகங்கள் சொல்கின்றன. மழை விட்டும் விடாத அக்டோபரில் நம் பக்கத்தில் அந்தக் குளிர் இருக்காது. உள்ளே சுளை இனித்துவிடும், வெளியே தோல் பச்சையாகவே இருக்கும். சாப்பிட அது அருமையான பழம். ஆனால் வாங்குபவர் பச்சைத் தோலைப் பார்த்துக் காய் என்று ஒதுக்கிவிடுவார். முன்பருவ ரகம் போடுகிறவர்கள் இதை எப்படி விற்கப்போகிறோம் என்று முதலிலேயே யோசிக்க வேண்டும். எத்திலீன் அறையில் வைத்து நிறம் ஏற்றலாம், அதற்குச் செலவு உண்டு. கடைக்காரரிடம் நாலு பழத்தை உரித்துக் கொடுத்து, "பச்சையாக இருக்கும், இனிக்கும்" என்று பழக்கலாம். மைசூருக்குச் சின்ன அளவில் விற்பவர்களுக்கு இரண்டாவது வழி போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியின் காலம். இரவில் வந்து பழத்தில் ஊசி மாதிரி குத்தி உறிஞ்சும். குத்திய இடம் அழுகிப் பழம் உதிரும். தாமதமாகப் பழுக்கும் ரகம் இந்தப் பூச்சியிடமிருந்து பெரும்பாலும் தப்பித்துவிடும். முன்பருவ ரகமோ அதன் பாதையிலேயே போய் நிற்கும். காட்டோரத் தோட்டங்களில் இது அதிகம், ஏனென்றால் அதன் புழு காட்டுக் கொடிகளில்தான் வளர்கிறது. விலை நன்றாக இருக்கிற மாதத்தில் பழம் தயாராவது லாபம்தான், அதே மாதத்தில் பூச்சியும் தயாராக இருக்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

எந்த ரகங்களைச் சோதிக்கலாம்

முதலில், நம் நாட்டிலேயே தேர்ந்தெடுத்த விதையற்ற நாக்பூர் ஆரஞ்சு. நாக்பூரில் 1985 இல் தொடங்கிய தேசிய எலுமிச்சையின ஆராய்ச்சி மையம் இப்போது மத்திய எலுமிச்சையின ஆராய்ச்சி நிறுவனம். அவர்கள் வெளியிட்ட "சீட்லெஸ்-4" என்ற தேர்வு நமக்கு மிக அருகில் இருக்கும் வாய்ப்பு. நாக்பூர் ஆரஞ்சு இந்தியச் சந்தைக்குப் பழகிய பழம், சுவை யாருக்கும் புதிதல்ல. ஹுன்சூர், எச்.டி.கோட்டே மாதிரி மழை குறைந்த, பாசனம் உள்ள நிலங்களில் இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன்.

அடுத்தது சத்சுமா. அதிலும் ஒகிட்சு, மியாகாவா மாதிரி முன்பருவத் தேர்வுகள். கொட்டை கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. பழுக்கக் குறைந்த வெப்பமே போதும் என்பதால் குளிர்ந்த இடத்திலும் முந்தும். ஆனால் சூடான இடத்தில் தோல் உப்பிச் சுளையை விட்டு விலகிவிடும், புளிப்பு சீக்கிரம் இறங்கிச் சுவை சப்பென்று ஆகிவிடும். அதனால் மைசூர் சமவெளிக்கு வேண்டாம். மடிக்கேரி பக்கம் உயரமான இடத்தில் மட்டும் இரண்டு மூன்று மரம் வைத்துப் பார்க்கலாம். நீலகிரி, பழனி மலைக்காரர்களும் பார்க்கலாம்.

டெய்சியையும் சொன்னேன். முந்திப் பழுக்கும், பழம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கொட்டை இருக்கும். கொட்டை குறைந்த டெய்சியையும் ரிவர்சைட்டில் கதிர்வீச்சால் உருவாக்கியிருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு மரம். "டெய்சி" என்று மட்டும் சொல்லி விற்றால் எந்த டெய்சி என்று கேளுங்கள்.

டாங்கோவுக்குக் கொட்டை இல்லை, பக்கத்தில் எந்த மரம் இருந்தாலும் வராது. ஆனால் அது முன்பருவ ரகம் இல்லை, குளிர்காலக் கடைசியில் பழுக்கும். தசராவுக்கு அது உதவாது. கொட்டையில்லாமை ஒரு ரகத்திலும் முன்பருவம் இன்னொரு ரகத்திலும் இருப்பதுதான் வழக்கம். இரண்டையும் ஒன்றாகத் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

கடைசியாகத் தாஹிதி எலுமிச்சை. ஆரஞ்சுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இது நல்ல தொடக்கம். முள் குறைவு, சீக்கிரம் காய்க்கும், நாட்டு எலுமிச்சையைப் படாதபாடு படுத்தும் சொறி நோயும் இதில் குறைவு. ஜூஸ் கடைக்கு இதுதான் வேண்டும். நம் வீட்டுச் சித்ரான்னத்துக்கும் ஊறுகாய்க்கும் நாட்டு எலுமிச்சையின் மணம் இதில் வராது. இரண்டுக்கும் தனித்தனிச் சந்தை இருக்கிறது.

நோயோடு சேர்த்து வாங்காதீர்கள்

இப்போது மிக முக்கியமான விஷயம். குடகு ஆரஞ்சு ஏன் அருகிப்போனது? ஒரு காலத்தில் காபித் தோட்டத்துக்கு இணையாக வருமானம் கொடுத்த மரம் அது. புவிசார் குறியீடு வாங்கிய பழம். அதைச் சாய்த்தவை முக்கியமாக இரண்டு. ஒன்று டிரிஸ்டெசா வைரஸ். இன்னொன்று, இலை மஞ்சளாகி, பழம் கோணலாகி, கிளை நுனியிலிருந்து காய்ந்துவரும் கிரீனிங் நோய். மரத்தின் உணவுக் குழாய்க்குள் வாழும் பாக்டீரியா அது. சின்னச் சாறுண்ணிப் பூச்சி ஒன்று அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகும். வந்த மரத்தைக் குணப்படுத்த வழி கிடையாது. பழனி மலையின் கீழ்ச்சரிவில் தாண்டிக்குடி பக்கத்துக் கமலா ஆரஞ்சு குறைந்துபோன கதையையும் தமிழ்நாட்டு வாசகர்கள் அறிவார்கள்.

இந்த நோயின் வலுவைப் பார்க்க வேண்டுமென்றால் புளோரிடாவைப் பாருங்கள். அங்கே நோய் 2005 இல் கண்டுபிடிக்கப்பட்டது. 2003-04 பருவத்தில் சுமார் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில், 2022-23 இல் விளைந்தது 1.6 கோடிப் பெட்டிதான். பணமும் இயந்திரமும் பல்கலைக்கழகங்களும் நிறைந்த இடத்திலேயே இந்த நிலை.

கிரீனிங்கும் டிரிஸ்டெசாவும் பூச்சியால் பரவுவதைப் போலவே ஒட்டுக் கட்டும் மொட்டிலும் பரவும். எங்கிருந்தோ பையில் வந்த "புது ரக" மொட்டுக்குச்சியோடு நோயும் வரலாம். ஹுன்சூர் பக்கம் நிலம் வைத்திருக்கும் என் மாமாவிடம் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

"மாமா, அந்தக் கன்றை எந்த மரத்திலேர்ந்து ஒட்டினாங்கன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்டா. 'அதெல்லாம் வெளியூர்லேர்ந்து வர்றது சார், எங்களுக்குத் தெரியாது'ன்னான்."

"அடிச்செடி என்னன்னு?"

"அதுக்கும் அதே பதில்தான். விலையை மட்டும் கரெக்டா சொன்னான்."

மாமா அந்தக் கன்றுகளை வாங்கவில்லை. சரியாகத்தான் செய்தார். தாய்மரம் எது, அது நோய்ச் சோதனை செய்யப்பட்டதா, அடிச்செடி ரங்பூர் எலுமிச்சையா, ஜம்பேரியா? இந்த மூன்றுக்கும் பதில் எழுத்தில் கிடைக்காத கன்று எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் எலுமிச்சையினக் குச்சிகள் சட்டப்படி தனிமைப்படுத்தி வைத்துச் சோதித்த பிறகே வெளியே வர வேண்டும். 2003 இன் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அதற்காகத்தான் இருக்கிறது. யாராவது பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்ததாகப் பெருமையாகச் சொன்னால், அந்தக் கன்றை உங்கள் கேட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

மைசூர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் நஞ்சன்கூடு ரசபாளே. வாடல் நோயால் நம் கண்முன்னே அரிதாகிப்போன வாழை. ஒரு ஊரின் பழம் ஒரு தலைமுறைக்குள் கையைவிட்டுப் போகலாம் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடம் இல்லை.

பத்து மரச் சோதனை

இப்போது செய்முறை. இரண்டு புது ரகம், ரகத்துக்கு ஐந்து மரம். கூடவே உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ரகத்திலும் ஐந்து, அதே அடிச்செடியில், அதே நாளில் நட்டது. இந்தப் பழைய ரகம் பக்கத்தில் இல்லாமல் புதியதை எடைபோட முடியாது. அந்த வருடம் மழை நன்றாக இருந்ததா, ரகம் நன்றாக இருந்ததா என்று எப்படித் தெரியும்?

எல்லாவற்றையும் ஒரே மூலையில் நடாதீர்கள். மேட்டில் கொஞ்சம், தாழ்வில் கொஞ்சம் என்று கலந்து நடுங்கள். எலுமிச்சையின மரங்களுக்கு வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றால் வேரழுகல் வந்து, நல்ல ரகத்துக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிடுவோம்.

ஒரு நோட்டு வையுங்கள். பூ பாதி விரிந்த தேதி. முதல் பழம் உண்ணத் தகுந்த தேதி. அன்று பத்துப் பழத்தை அறுத்து ஒவ்வொன்றிலும் எத்தனை கொட்டை என்ற கணக்கு. சராசரி மட்டும் போதாது, அதிகபட்சமும் வேண்டும். பத்தில் ஒன்பது காலியாக இருந்து ஒன்றில் பன்னிரண்டு கொட்டை இருந்தால் கடைக்காரர் அந்த ஒன்றைத்தான் ஞாபகம் வைத்திருப்பார். சர்க்கரையை அளக்கக் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, நாலு பேர் சேர்ந்து வாங்கலாம். சர்க்கரையோடு புளிப்பையும் பார்க்க வேண்டும். இனிப்புக்கும் புளிப்புக்கும் உள்ள விகிதம்தான் நாக்குக்குத் தெரிவது. புளிப்பை அளக்கும் வசதி வீட்டில் இருக்காது, அருகில் உள்ள தோட்டக்கலைக் கல்லூரியிலோ வேளாண் அறிவியல் மையத்திலோ கேட்டுப் பாருங்கள்.

முதல் காய்ப்பை நம்பாதீர்கள். இளம் மரத்தின் பழம் தோல் தடித்து, சாறு குறைந்து இருப்பது இயல்பு. மூன்று அறுவடை பார்த்த பிறகு முடிவு எடுங்கள். மொத்தம் ஆறேழு வருடம் ஆகும். நீளம்தான். ஆனால் தப்பான ரகத்தை ஐந்து ஏக்கரில் நட்டுவிட்டு, காய்க்கிற வயதில் வெட்டிப் போடுவதைவிட இது சின்னக் காலம்.

இதைத் தனியாகச் செய்யவும் வேண்டாம். ஹுன்சூரில் ஒருவர், கோணிகொப்பாவில் ஒருவர், மடிக்கேரியில் ஒருவர் என்று அதே இரண்டு ரகங்களை வைத்தால், மூன்று மழையிலும் மூன்று மண்ணிலும் அவை என்ன செய்கின்றன என்று ஒரே காலத்தில் தெரிந்துவிடும். சேத்தள்ளியில் பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. நஞ்சன்கூடு தாலுகாவில் சுத்தூர் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. விவசாயிகள் குழுவாகப் போய் நோட்டைக் காட்டிப் பேசினால் அவர்களுக்கும் அது பயன்படும் தகவல்.

இந்த மண்ணுக்கு அப்படியொரு மரபும் உண்டு. டி.நரசீபுரம் தாலுகாவில் 1916 இல் பிறந்த எம்.எச்.மரிகவுடா, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1963 இல் மாநிலத் தோட்டக்கலைத் துறையின் இயக்குநரானார். ஊர் ஊராக அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளும் நாற்றங்கால்களும் வந்ததில் அவர் பங்கு பெரியது. விவசாயி தன் ஊருக்குப் பக்கத்திலேயே மரத்தைப் பார்த்து, அங்கேயே நம்பகமான கன்றை வாங்க வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பயன். அந்தப் பண்ணைகளில் புது எலுமிச்சையின ரகங்களுக்கு ஒரு வரிசை ஒதுக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

உங்கள் மரத்திலேயே தேடுங்கள்

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது. உலகத்தில் பேர் பெற்ற கொட்டையில்லா ஆரஞ்சுகள் பலவும் ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை அல்ல. நேவல் ஆரஞ்சு பிரேசிலின் பாஹியாவில் தானாகத் தோன்றிய மாற்றம். அங்கிருந்து வாஷிங்டனுக்கு வந்த கன்றுகளை எலைசா டிபெட்ஸ் என்ற பெண்மணி 1873 இல் ரிவர்சைட்டில் நட்டார். அவற்றில் ஒரு மரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கலிபோர்னியாவின் நேவல் தோட்டங்கள் எல்லாம் அந்த மொட்டுகளின் சந்ததி. கிளமெண்டைன், ஒரான் நகருக்கு அருகே ஒரு அனாதை இல்லத் தோட்டத்தில் ஒரு துறவி கவனித்த மரம். ஜப்பானின் முன்பருவ மியாகாவா, ஒரு மரத்தின் ஒரே ஒரு கிளையில் வந்த மாற்றம். 1923 இல் அது உலகுக்கு அறிமுகமானது. ஒவ்வொரு கதையிலும் யாரோ ஒருவர் ஒரு கிளையின் பழம் வேறு மாதிரி இருப்பதைக் கவனித்தார், அதை விட்டுவிடாமல் ஒட்டுக் கட்டினார்.

குடகில் இன்னும் ஆயிரக்கணக்கான ஆரஞ்சு மரங்கள் நிற்கின்றன. அவற்றில் ஒரு கிளையாவது கொட்டை குறைந்து காய்க்காது என்று யார் சொல்ல முடியும்? நம் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்கெனவே பழகிய மரத்தில், அந்தச் சுவையோடு, அந்த மணத்தோடு அப்படி ஒரு கிளை கிடைத்தால், கலிபோர்னியாவிலிருந்து எந்த ரகமும் அதற்கு ஈடாகாது. அப்படிக் கண்டுபிடித்த ரகத்தை, 2001 இன் தாவர ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின்படி விவசாயி தன் பெயரிலேயே பதிவு செய்து கொள்ளவும் வழி இருக்கிறது.

அதனால் இந்த அறுவடையில் ஒரு வேலை செய்யுங்கள். பழம் பறிக்கும் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒவ்வொரு மரத்திலும் நாலு திசைக்கு ஒரு பழம் அறுத்துப் பாருங்கள். கொட்டை மூன்றுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கிளையில் சிவப்புத் துணி கட்டுங்கள். அடுத்த வருடமும் அதே கிளையைப் பாருங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து அப்படியே காய்த்தால் மொட்டுக்குச்சியோடு சேத்தள்ளிக்குப் போங்கள். பத்து மரத்தில் புது ரகத்தை நடுவதும், பழைய மரங்களில் துணி கட்டுவதும் ஒன்றாக நடக்கட்டும். துணி கட்ட ஒரு பைசா செலவு இல்லை, இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.